ஒரே வினாத்தாள்

இரண்டாம் தவணை தொடங்கிய புதிது. பதினோராம் ஆண்டு வகுப்பில் புள்ளிவிபரவியல் படிப்பித்துக் கொண்டிருந்தேன். பின் வாங்கில் இரண்டு பையன்கள் கைகலப்பு வரைக்கும் போய்விட்டார்கள். எழுப்பி விசாரித்தால், கிரிக்கெட்டுமில்லை, வேறு கோபதாபமுமில்லை. லூயிஸ் ஹெமில்டன் பெரிய சாரதியா, செபஸ்தியான் லோப் பெரிய சாரதியா என்பதுதான் வழக்கு.

ஒருவனுடைய மாமா கட்டாரில் வேலை செய்கிறார். லுசைல் ஓட்டப்பாதையில் போர்மியுலா வன் பார்த்துவிட்டு வந்து மருமகனுக்கு ஒரு தொப்பியும் கொடுத்திருக்கிறார். மற்றவனின் வாப்பா எங்கள் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுபவர். அவன் வாப்பாவின் கைத்தொலைபேசியில் றாலி ஓட்டங்களைப் பார்த்துப் பார்த்து ஊறிப்போனவன்.

"சேர், மண்ணிலயும் பனியிலயும் ஓடுறவன்தானே சாரதி. ஒரே வளைவச் சுத்திச் சுத்தி ஓடுறதும் ஒரு ஓட்டமா?"

"ஹெமில்டன் ஏழு தரம் உலக சம்பியன் சேர்."

"லோப் ஒம்பது தரம்!"

வகுப்பு முழுதும் என் முகத்தைப் பார்த்தது. வாத்தியார் என்றால் எதற்கும் புள்ளி போடத் தெரிந்தவர் என்றொரு நம்பிக்கை பிள்ளைகளுக்கு. "நாளைக்குச் சொல்றன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். அந்த நாளை வர ஒரு மாதத்துக்கு மேல் சென்றது. காரோட்டப் பந்தயத்தில் எனக்குப் பைத்தியம் எதுவுமில்லை. ஆனால், 'சாரதித் திறமை' என்ற சொல் என் தொண்டையில் இருபது வருடத்துக்கும் மேலாகச் சிக்கிக் கிடக்கின்ற ஒரு முள். அதனால்தான் இந்த வழக்கை நான் தள்ளுபடி செய்யவில்லை.

புள்ளிவிபரவியல் வாத்தியாருக்கு முதலில் ஞாபகம் வருவது இசட் புள்ளிதான். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவனையும் உயிரியல் படித்தவனையும் எப்படி ஒப்பிடுவது? ஒரு தாள் கஷ்டம், மற்றது இலேசு. வெறும் புள்ளிகளைக் கூட்டினால் அநியாயம். அதனால் 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து நமது நாட்டில் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி முறையைக் கொண்டுவந்தார்கள். மாணவன் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுப்பது. அதாவது, நீ எத்தனை எடுத்தாய் என்று கேட்காமல், உன்னோடு எழுதிய கூட்டத்தில் நீ எங்கே நிற்கிறாய் என்று கேட்பது.

அழகான முறை. ஆனால், எந்தக் கூட்டம் என்ற கேள்வியை அது விட்டுவிடுகிறது. 2011ஆம் ஆண்டில் பழைய பாடத்திட்டக்காரர்களும் புதிய பாடத்திட்டக்காரர்களும் வெவ்வேறு தாள்கள் எழுதினார்கள். இரு கூட்டத்தையும் ஒன்றாகப் போட்டு இசட் புள்ளி கணித்தபோது நாடே குழம்பியது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், அவர்கள் இரண்டு வேறு கூட்டங்கள், வேறாகவே கணிக்க வேண்டும் என்று 2012இல் தீர்ப்பானது. என்னிடம் படித்த பிள்ளையொன்றும் அந்தக் குழப்பத்தில் பல மாதங்கள் தூக்கமில்லாமல் இருந்தது. அதனால் அந்தப் பாடம் எனக்கு மறக்காது.

ஹெமில்டன் தன் கூட்டத்தில் உச்சத்தில் நின்றவர். லோப்பும் அப்படியே, 2004 தொடக்கம் 2012 வரை ஒரு வருடமும் தவறாமல் உலக றாலிப் பட்டம் அவருடையது. ஆனால் கூட்டங்கள் வேறு, தாள்கள் வேறு. போதாததற்கு இந்தப் பரீட்சையில் எழுதுகோலும் ஆளுக்காள் வேறு. போர்மியுலா வன்னில் நல்ல கார் கிடைத்தவனும் ஓட்டைக் கார் கிடைத்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கார் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், ஒரே அணியில் ஒரேவிதமான கார் ஓட்டும் இருவரைத்தான் பார்க்க வேண்டும். 2007ஆம் ஆண்டு ஹெமில்டன் புதுமுகமாக மெக்லாரன் அணிக்கு வந்தார். பக்கத்தில் இரண்டு தரம் உலக சம்பியனான பெர்னாண்டோ அலொன்சோ. வருட முடிவில் இருவருக்கும் சரியாக 109 புள்ளிகள். ஃபெராரியில் ஓடிய பின்லாந்துக்காரர் கிமி ரைக்கொனன் 110 புள்ளிகள் எடுத்துப் பட்டத்தைக் கொண்டுபோனார். ஒரு புள்ளிக்குள் மூன்று பேர்.

இந்த மூவரில் இருவர் பிறகு வேறு தாள்களும் எழுதிப் பார்த்தார்கள் என்பதுதான் எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். ரைக்கொனன் 2010இலும் 2011இலும் போர்மியுலா வன்னை விட்டுவிட்டு உலக றாலிக்குப் போனார். வேகத்துக்கு அவரிடம் குறைவில்லை. ஆனால் பாதையை விட்டு விலகினார், புரண்டார். ஆகச் சிறந்த பெறுபேறு 2010 துருக்கி றாலியில் ஐந்தாம் இடம். அவர் மோசமான சாரதியா? 2012இல் திரும்பி வந்து போர்மியுலா வன்னில் மறுபடியும் வென்றார். அப்படியானால் குறை எங்கே?

ஓட்டப்பாதையில் ஓடுபவன் ஒரே வளைவை ஒரு பந்தயத்தில் ஐம்பது, அறுபது தடவை சந்திக்கிறான். மொனாக்கோவில் 78 தடவை. ஒவ்வொரு தடவையும் எங்கே பிரேக்கை அழுத்துவது, எங்கே விடுவது என்று செதுக்கிச் செதுக்கி, ஒரு செக்கனின் பத்திலொரு பங்கை மிச்சம் பிடிக்கிறான். அந்தக் கார்கள் வேறு விதமானவை. வேகம் கூடக் கூடக் காற்று காரைப் பாதையோடு அமுக்கும். பயந்து மெதுவாகப் போனால் பிடிப்புக் குறைந்துவிடும். நம் உடம்பில் இருக்கும் பயத்துக்கு நேரெதிரான கணக்கு அது. றாலிக்காரனுக்கோ அந்த வளைவு போட்டிக்கு முன் மெதுவாக ஓடி இரண்டு முறை பார்த்துக் குறிப்பெடுத்தது மட்டும்தான். நேற்றுக் காய்ந்து கிடந்த மண் இன்று சேறாயிருக்கும். பக்கத்தில் இருக்கும் துணைச் சாரதி குறிப்பை வாசிக்க வாசிக்க, கண் காணாத வளைவுக்குக் காதால் ஓட்ட வேண்டும். ஒன்று மனனம் செய்து திருத்தித் திருத்தி எழுதும் கட்டுரை; மற்றது எழுந்து நின்றதும் பேசும் பேச்சு. ரைக்கொனனுக்கு இருந்த கை போதும். கேட்டு ஓட்டுகின்ற காதுதான் இரண்டு வருடத்தில் வளர மறுத்தது என்பது என் ஊகம்.

எதிர்ப்பக்கம் லோப் வந்தார். 2006இல் லு மான் 24 மணி நேர ஓட்டத்தில் இன்னும் இருவரோடு சேர்ந்து இரண்டாமிடம். 2008 நவம்பரில் பார்சலோனாவில் போர்மியுலா வன் காரொன்றைப் பரீட்சார்த்தமாக ஓட்டியபோது, அன்று ஓடிய பதினேழு பேரில் எட்டாவது வேகம். மறு வருடம் அபுதாபியில் ஒரு பந்தயம் ஓட ஆசைப்பட்டார். அதற்கான விசேட அனுமதிப்பத்திரம் கிடைக்கவில்லை. ஆகவே அந்தத் தாளை அவர் முழுதாக எழுதவேயில்லை.

அலொன்சோ லு மானில் 2018, 2019 என இருமுறை வென்றவர். அமெரிக்காவின் இண்டியனாபோலிஸ் 500இல் 2017ஆம் ஆண்டு முதன்முறை ஓடியபோதே 27 சுற்றுகள் முன்னணியில் நின்றார், இயந்திரம் செத்தது. 2019இல் அதே இடத்துக்குப் போய்த் தகுதிச் சுற்றிலேயே வெளியேறினார். அதே மனிதர், அதே பாதை. காரும் அணியும்தான் வேறு.

இண்டியனாபோலிஸைப் பற்றிச் சொன்னபோது வகுப்பில் சிரித்தார்கள். நான்கு கிலோமீற்றர்ப் பாதை, நான்கு வளைவு, நான்கும் இடதுபக்கம், இருநூறு சுற்று. "அத நானும் ஓடுவன் சேர்" என்றான் ஒருவன். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத்தில் ஏழு தரம் சம்பியனான ஜிம்மி ஜோன்சன் 2021இல் இண்டிகார் ஓட வந்தார். வளைந்து நெளிந்த பாதைகளில் அவர் பின்வரிசையில் தத்தளித்தார். நீள்வட்டப் பாதைக்கு வந்ததும் மறு வருடம் அயோவாவில் ஐந்தாமிடம் எடுத்தார். இதற்கு மறுதலையாக, நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் 2023 ஜூலையில் சிக்காகோ நகரத் தெருக்களில் தன் முதலாவது நாஸ்கார் ஓட்டத்திலேயே வென்றார். அறுபது வருடத்துக்குப் பிறகு நடந்த சங்கதி அது. ஆனால் நீள்வட்டப் பாதைகளில் பிறகு அவர் சாதாரண மாணவனாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது. இலேசான தாள் என்று ஒன்று இல்லை. தனக்குப் பழக்கமில்லாத தாளைத்தான் மனிதன் இலேசு என்கிறான்.

எல்லாத் தாளும் எழுதிச் சித்தியடைந்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஜோன் சர்ட்டீஸ் மோட்டார் சைக்கிளிலும் போர்மியுலா வன் காரிலும் உலக சம்பியன்; இரண்டையும் எடுத்தவர் அவரொருவர்தான். மொனாக்கோ, இண்டியனாபோலிஸ், லு மான் மூன்றையும் வென்றவர் கிரகம் ஹில் ஒருவரே. மாரியோ அன்ட்ரெட்டி 1967இல் டேடோனா 500, 1969இல் இண்டியனாபோலிஸ், 1978இல் போர்மியுலா வன் உலகப் பட்டம். ஜிம் கிளார்க் 1965இல் ஒரே வருடத்தில் இண்டியனாபோலிஸையும் உலகப் பட்டத்தையும் எடுத்தார். பெரும்பாலும் அந்தக் காலத்து ஆட்கள். அப்போது ஒரு சாரதி இந்தக் கிழமை ஒரு வண்டி, அடுத்த கிழமை இன்னொரு வண்டி என்று ஏறி இறங்கலாம். இன்று எட்டு வயதில் பிள்ளையை ஒரு துறைக்குள் விட்டால் அதற்குள்ளேயே வளர்ந்து முடிகிறது. நமது பாடசாலைகளிலும் முன்பு எல்லாப் பாடமும் படிப்பித்த ஒரு வாத்தியார் இருந்தார்.

ஒரே வண்டியைக் கொடுத்துப் பார்த்தால் என்ன என்று நினைத்தவர்களும் உண்டு. 1986இல் கோர்சிகாவில் இறந்துபோன றாலிக்காரர் ஹென்றி டொய்வொனனின் நினைவாக 1988இல் 'சம்பியன்களின் ஓட்டம்' என்றொரு போட்டியைத் தொடங்கினார்கள். தொடங்கியவர்களில் ஒருவர், உலக றாலியொன்றை வென்ற முதலாவது பெண்ணான மிஷேல் மூட்டோன். எல்லாத் துறை வீரர்களும் வருவார்கள். ஒரேமாதிரி வண்டிகளில் இருவர் இருவராக ஓடுவார்கள். 2007இல் லண்டன் வெம்ப்லி மைதானத்தில் இறுதியாட்டத்தில் மைக்கல் சூமாக்கரைத் தோற்கடித்தவர், சுவீடனின் மத்தியாஸ் எக்ஸ்ட்ரொம். 2022இல் சுவீடனில் பனிக்கட்டியின் மீது நடந்தபோது லோப் நான்கு தரம் உலக சம்பியனான செபஸ்டியன் வெட்டலை வென்றார். இதைச் சொன்னதும் முச்சக்கரவண்டிக்காரரின் மகன் எழுந்து நின்று கைதட்டினான். தொப்பிக்காரன் விடவில்லை: "பனியில வச்சா அவன்தானே வெல்லுவான் சேர். தார் றோட்டுல வைங்க!"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரே வினாத்தாள் என்றாலும் அது யாருடைய மொழியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்கத்தான் வேண்டும். மலைநாட்டுப் பாடசாலையில் வேலை செய்பவனுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னொரு விடயம் என்னை உறுத்தியது. இந்தப் பையன்களில் சிலர் அனுமதிப்பத்திரமில்லாமல் மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர்கள். வேகம்தான் திறமை என்று நானும் சேர்ந்து படிப்பித்துவிடுவேனோ என்ற பயம். எங்களுக்குத் தியத்தலாவை தூரமில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே பொக்ஸ்ஹில் ஓட்டத்தில் கார் ஒன்று பாதையை விட்டுப் பாய்ந்து, ஏழு பேர் இறந்தார்கள். அதில் எட்டு வயதுப் பெண்பிள்ளையும் ஒன்று. 1955 லு மானில் எண்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததை நான் வாசித்துத்தான் அறிந்தேன். இதை ஊர் அறிந்தது. அந்தப் பெயரை வகுப்பில் சொன்னபோது இருவரும் தொப்பியையும் தொலைபேசியையும் மறந்து பேசாமல் இருந்தார்கள். திறமையை அளக்கும்போது, பக்கத்தில் நிற்பவனுக்கு அது என்ன செய்தது என்பதும் கணக்கில் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

இனி அந்த முள்ளின் கதை.

வாப்பா மௌத்தானபோது எனக்கு ஒன்பது வயது, நானாவுக்குப் பதினேழு. நானா படிப்பை விட்டுவிட்டு மரக்கறி லொறியொன்றில் கிளீனராகப் போனார். பிறகு சாரதி. வெலிமடையில் கோவாவும் கிழங்கும் ஏற்றி, பண்டாரவளை, அப்புத்தளை, பெரகலை, இரத்தினபுரி வழியாகக் கொழும்புச் சந்தைக்கு இரவிரவாக ஓட்டம். நான் ஆசிரிய கலாசாலையில் இருந்த காலத்தில் விடுதிக் காசு, சட்டை, சப்பாத்து எல்லாம் அந்த ஓட்டத்தில்தான் வந்தது.

இரண்டாம் வருடத்தில் விடுமுறைக்கு ஊருக்கு வந்து நானாவின் லொறியிலேயே திரும்பினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்குக் கற்பித்தல் பயிற்சி மதிப்பீடு. பெரகலை தாண்டியதும் மூடுபனி. நானா ரேடியோவை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார். கியரைக் குறைத்தார், மறுபடியும் குறைத்தார். லொறி உறுமிக்கொண்டு ஊர்ந்தது. நான் மதிப்பீட்டுக்கு ஆயத்தமாக்கிய பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தேன். அல்துமுல்லைக்குக் கிட்ட இடது சில்லைக் கானில் இறக்கி, மண் திட்டோடு உரசி லொறியை நிறுத்தினார். முழுதாக நிற்கும் முன்பே கிளீனர் பையன் குதித்துச் சில்லுக்குக் கட்டை வைத்தான். "கொஞ்சம் படு தம்பி" என்றார் நானா. அந்தக் கொஞ்சம் விடியும்வரை நீண்டது. பஸ்களும் மற்ற லொறிகளும் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தன.

மதிப்பீடு போய்விட்டது. இரத்தினபுரி பஸ் நிலையத்தில் இறங்கும்போது, கிளீனர் பையனும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சொன்னேன்: "ஸ்டியரிங்கத் திருப்பத் தெரிஞ்சாப் போதும் எண்டு நெனச்சிட்டீங்க. ஓடத் தெரிஞ்சவன் நேரத்துக்குக் கொண்டுபோய் வுட்டிருப்பான். இதுக்கெல்லாம் என்ன மூள வேணும்?"

நானா ஒன்றும் சொல்லவில்லை. "பஸ் வருது, எறங்கு" என்றார். அடுத்த மாதமும் காசு வந்தது.

நானாவுக்கு இப்போது ஐம்பத்து மூன்று வயது. சீனி வருத்தம் கண்ணைப் பாதித்ததால் லொறியை விற்றுவிட்டார். ஒருநாள் அஸருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போய், கைத்தொலைபேசியில் 2022 மொன்டி கார்லோ றாலியைப் போட்டுக் காட்டினேன். லோப் அதை வென்றபோது அவருக்கு வயது நாற்பத்தேழு. உலக றாலி வென்றவர்களில் ஆக மூத்தவர். நானா தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"பக்கத்துல ஈக்கிறது யாரு, கிளீனரா?"

"துணைச் சாரதி நானா. வளைவு வளைவா வாசிச்சுச் செல்லுவார்."

"நல்லா வாசிக்கிது. இவனும் நல்லாக் கேக்கிறான்." கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "முன்னால ஒண்டும் வராதா?" என்றார்.

"வராது. போட்டிக்கு றோட்ட மூடிடுவாங்க."

"அப்ப சரி" என்று சிரித்தார்.

பையன்களின் வழக்கை அவரிடம் சொன்னேன். யார் பெரிய சாரதி என்று கேட்டேன். "ஒரே லொறியக் குடு, ஒரே லோட ஏத்து, ஒரே மழையில வுடு. அப்புறம் பாரு" என்றார். "அப்பிடிச் செய்ய ஏலாது நானா" என்றேன். "ஏலாட்டிப் பேசாம இரி. ஒனக்கு என்னத்துக்கு அந்தக் கரச்சல்?"

தேநீர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அல்துமுல்லையைப் பற்றிச் சொன்னேன். அன்று நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லி, பிழை என்றேன். அவருக்கு ஞாபகமிருக்காது என்று நினைத்திருந்தேன்.

"அண்டைக்கி பிரேக் ஈக்கல்ல தம்பி" என்றார். "அப்புத்தள எறக்கத்திலயே சூடேறி மணத்திச்சி. பெரகல தாண்டினதும் அமத்தினா கீழ போவுது. கியர்லதான் புடிச்சிட்டு வந்தன். மண் திட்டு வார எடம் எனக்குத் தெரியும்."

"எனக்குச் செல்லல்லயே?"

"செல்லி? நீ பயந்து கதவத் தொறப்பாய். பாடத்தப் பத்திப் பேசிட்டு வந்தாய். பேசட்டும் எண்டு வுட்டன்."

கோவா மூட்டைகளும், பனியும், ஒருபக்கம் பள்ளமும், செத்த பிரேக்கும், காது ஓயாமல் பேசுகின்ற தம்பியும். எந்தத் தாளில் இதற்குப் புள்ளி போடுவது என்று எனக்கு விளங்கவில்லை. ஹெமில்டனையோ லோப்பையோ அந்த இருக்கையில் வைத்து ஒப்பிட நான் விரும்பவுமில்லை. அவர்களுடைய காரை நானா ஒரு வளைவுகூடத் திருப்பமாட்டார்; அதுவும் உண்மை. பையன்களிடம் அதைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தாளையும் அதனதன் கூட்டத்துக்குள் வைத்துத் திருத்தலாம், வேறு தாள் எழுதியவனை மட்டம் தட்டுவதற்கு அந்தப் புள்ளியைப் பாவிக்க வேண்டாம் என்று. அவர்களுக்கு அது தீர்ப்பாகப் படவில்லை. இடைவேளையில் மறுபடியும் சண்டை பிடித்தார்கள்.

அன்று புறப்படும்போது நானா வாசல்வரை வந்தார். கண் சரியாகத் தெரியாததால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தச் சோதன என்னாச்சி? அண்டைக்கித் தவறினது?"

இருபது வருடத்துக்கும் மேல் கழித்துக் கேட்கிறார்.

"ரெண்டு கிழமைக்குப் பொறகு திரும்ப வச்சாங்க நானா. பாஸ்."

"அப்ப சரி" என்றார்.